இறந்தவர் பெயரைச் சொல்லாத மொழி

இதில் யார் பெயரும் வராது. வழக்குக்குப் பயந்து அல்ல. பயப்படவேண்டிய வழக்கெல்லாம் எப்போதோ தள்ளுபடி ஆகிவிட்டது. நான் சில வருடங்கள் ஒரு மொழியோடு குடித்தனம் நடத்தினேன். அந்த மொழியைப் பேசுகிறவர்கள் இறந்துபோனவரின் பெயரைச் சொல்லமாட்டார்கள். அதில் ஒரு வாக்கியம்கூட எனக்குத் தடங்கலில்லாமல் பேச வராது. அவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொள்ள முடிந்தது இந்த ஒரு பழக்கம்தான்.

யானோமாமிகள் வெனிசுவேலாவுக்கும் பிரேசிலுக்கும் நடுவே, அமேசான் காட்டுக்குள் வசிக்கிறார்கள். நான் அங்கே போனதில்லை. அதிகபட்சம் மெட்ராஸ் போயிருக்கிறேன், அதுவும் ஒரு கல்யாணத்துக்கு. அந்தக் காட்டை நான் பார்த்ததெல்லாம் தஞ்சாவூரில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் உட்கார்ந்துதான். கீழே அண்டாவுக்கு ஈயம் பூசுகிற சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். மேலே நாங்கள் ஏழெட்டுப் பேர் தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் தயார் செய்துகொண்டிருந்தோம். ஆட்சி நம் கைக்கு வந்துவிட்டது, இனி உலகத்தில் உள்ளதெல்லாம் தமிழில் வந்தாகவேண்டும் என்று எல்லோரும் வேகமாக இருந்த காலம். ஓர் அறக்கட்டளை அதற்குப் பணம் போட்டது. இப்போது அந்த அறக்கட்டளையும் இல்லை, அந்தக் களஞ்சியமும் பாதியில் நின்றது. அந்த மாடியில் பிறகு ஒரு டுட்டோரியல் நடந்ததாகக் கேள்வி.

எழுத்து வாரியாக வேலையைப் பிரித்தார்கள். கடைசியாகச் சேர்ந்த எனக்கு ‘ய’ வரிசையில் உதவி செய்யச் சொன்னார்கள். யவனர், யாப்பு, யாழ், யானை எல்லாவற்றையும் பெரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். யானைக்கு அடுத்து ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. “யானோமாமியா? இது எந்த ஊரு மாமிம்மா?” என்று பதிப்பாசிரியர் சிரித்துவிட்டு அதை என் தலையில் கட்டினார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அவர். வெள்ளை வேட்டி, கரை போட்ட துண்டு, நல்ல குரல். மேடை கிடைத்தால் விடமாட்டார்.

மெட்ராஸ் நூலகம் ஒன்றிலிருந்து மூன்று ஆங்கிலப் புத்தகங்கள் வந்தன. ஒன்று ஒரு பாதிரியார் தொகுத்த சொற்கள். மற்ற இரண்டும் அந்தக் காட்டில் தங்கிவிட்டு வந்தவர்கள் எழுதியவை. படிக்கப் படிக்க என் எகத்தாளம் அடங்கியது. அது ஒரு மொழி அல்ல, ஒன்றுக்கொன்று அக்கா தங்கை போன்ற நாலைந்து மொழிகள். உலகத்தில் வேறு எந்த மொழிக் குடும்பத்தோடும் அவற்றுக்குச் சம்பந்தம் காட்ட முடியவில்லை. ஒன்று, இரண்டு, அதற்கு மேல் என்றால் ‘நிறைய’, எண்ணிக்கை அவ்வளவுதான். யானோமாமி என்றால் மனிதர் என்று பொருளாம். ஒருவர் முகத்துக்கு நேராக அவர் பெயரைச் சொல்வது அவமரியாதை. உறவு சொல்லித்தான் கூப்பிடவேண்டும். இதைப் படித்ததும், நம்ம ஆட்கள் போலிருக்கிறதே என்று நினைத்தேன். அந்த நினைப்புக்குப் பிற்பாடு நன்றாக அனுபவித்தேன்.

ஒருவர் இறந்துவிட்டால் அதற்கப்புறம் அந்தப் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. அவர் வில், அவர் கூடை, அவர் படுத்த தூளி எல்லாவற்றையும் எரித்துவிடுவார்கள். பெயரை அஜாக்கிரதையாக ஒருவன் சொல்லிவிட்டால் இறந்தவரின் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஒருவருடைய பெயர் ஒரு மிருகத்தின் பெயராக இருந்தால், அவர் போனபின் அந்த மிருகத்துக்கே வேறு சொல் தேடிக்கொள்வார்கள் என்று ஒரு புத்தகம் சொன்னது. இத்தனையும் பயத்தினால் மட்டும் அல்ல. பெயரைக் கேட்டால் இருப்பவர்களுக்கு வலிக்கும். அந்த வலியை அடுத்தவருக்குக் கொடுக்காமல் இருப்பதுதான் அங்கே நாகரிகம்.

அதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. அண்ணியின் நினைப்பாகவே இருந்தது.

அண்ணி என்றால் என் ஒரே அண்ணனின் மனைவி. எங்கள் ஊர் குத்தாலத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். நாங்கள் கோயில் நிலத்தில் உள்குத்தகை. மேல்குத்தகை, ரைஸ்மில் வைத்திருந்த ஒருவரிடம் இருந்தது. அவரை மில்காரர் என்றே சொல்லிப் போகிறேன். உழுகிறவனுக்கே உரிமை என்று சட்டம் வரப்போகிறது, வந்துவிட்டது, பதிவு செய்துகொள்ளுங்கள் என்று ஊர் ஊராகப் பேசினார்கள். அண்ணன் கட்சிக்காரர். சுவரில் கொடி வரைவார், சைக்கிளில் போய்ப் பத்திரிகை போடுவார். நம்ம ஆட்சி நடக்கும்போது நம்மை யார் வெளியேற்ற முடியும் என்று தாலுகா ஆபீசுக்கு நடந்தார். மில்காரர் முந்திக்கொண்டார். ஒரு தை மாதம், நாங்கள் நட்டுக் களையெடுத்து வளர்த்த சம்பாவை அறுக்க வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார்கள். அண்ணன் வரப்பில் போய் நின்றார். அவ்வளவுதான் அவர் செய்தது. மாயவரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், வண்டியிலேயே முடிந்துவிட்டது.

வெட்டியவர்கள் யாருடைய லாரியில் வந்தார்கள் என்று ஊருக்கே தெரியும். கோர்ட்டில் யாருக்கும் தெரியவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக, நாங்கள் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நிலம் போயிற்று. கட்சி மட்டும் எங்களைக் கைவிடவில்லை. அது கைவிட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அண்ணன் தியாகி ஆனார். வருடாவருடம் எங்கள் வீட்டுக்கு எதிரே கொடிக்கம்பத்தடியில் கூட்டம், குழாய் ஒலிபெருக்கி, மூன்று முறை பெயர் சொல்லி ‘வாழ்க’. சில வருடங்களில் மில்காரரும் கட்சியில் சேர்ந்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவருக்கு எப்போதும் தெரியும். ஒன்றியத்தில் பெரிய பதவிக்கு வந்தபின் அந்தக் கொடியை ஏற்றுகிறவரும் அவரே ஆனார். அவர் வாயால் என் அண்ணன் பெயரை ‘வாழ்க’ என்று கேட்டிருக்கிறேன். அப்போது வாயில் ஊறிய கசப்பு இன்னும் போகவில்லை.

அண்ணி அந்த நாளில் கதவைச் சாத்திக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருப்பார். அவர் கணவர் பெயரைச் சொல்லாத பெண். அந்தத் தலைமுறையில் எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். ஆனால் அண்ணி அதில் கொஞ்சம் தீவிரம். அண்ணனுக்கு ஒரு சாமியின் பெயர் இருந்தது. அண்ணி அந்தச் சாமியைக்கூட ‘மேலத்தெரு கோயில் சாமி’ என்பார். ரேஷன் கடையில் புருஷன் பெயர் கேட்டால், மகளைப் பார்ப்பார். மகள் சொல்வாள். அந்த வீட்டில் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னது அந்தக் குழந்தை ஒருத்திதான்.

நான் சனிக்கிழமைகளில் ஊருக்குப் போவேன். யானோமாமி வழக்கத்தைப் பற்றிப் படித்த வாரம், அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நின்றது.

“நெசமாவா பாப்பா? ஊரே சொல்லாதா?”

வீட்டில் எனக்குப் பாப்பா என்றுதான் பெயர், முப்பது வயதுக்கு மேலும்.

“ஊரே சொல்லாது அண்ணி. எவனாவது சொன்னா சண்டைக்கு வந்துருவாங்க.”

“போட்டோ மாட்டமாட்டாங்களா?”

“எல்லாத்தயும் எரிச்சுருவாங்களாம்.”

அண்ணி ஒரு கீரைத்தண்டைக் கிள்ளிப் போட்டார். பிறகு, “மனுசங்க” என்றார். அவர்களுடைய பெயருக்கு அதுதான் பொருள் என்பதை நான் அதுவரை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சொன்னபோது அவர் ஆச்சரியப்படவும் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும், சாப்பாடு போட்டுக்கொண்டே, “ஒங்க காட்டு சனங்க எப்புடி இருக்காங்க?” என்று விசாரிப்பார். ஏதோ எங்களுக்குப் பெண் கொடுத்த ஊர் போல. அந்த வாரம் படித்ததை நான் சொல்வேன். நடுவில் திறந்த முற்றம் வைத்து வட்டமாகக் கட்டிய பெரிய குடிசையில் எல்லாக் குடும்பமும் சேர்ந்து இருப்பதை, வாழை போட்டுப் பிழைப்பதை, இறந்தவரின் சாம்பலை வாழைப்பழக் கஞ்சியில் கலந்து உறவுக்காரர்களே குடித்துவிடுவதை. கடைசியில் சொன்னது அருவருப்பாக இருக்கும் என்று தயங்கித்தான் சொன்னேன். அண்ணி தலையை ஆட்டினார். “நல்லதுதான். வெளியாளு கையில சிக்காதுல்ல” என்றார்.

நான் என் கட்டுரையை எழுதி முடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு ஜாக்கிரதையாக வேறெதையும் எழுதியதில்லை. அதில் ஓரிடத்தில், அவர்களிடமும் மாமன் மகள், அத்தை மகள் கட்டுகிற முறை உண்டு, இப்படி உறவு வகுப்பதற்கு உலகம் முழுக்க அறிஞர்கள் ‘திராவிட வகை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தேன். நம் பக்கத்தில் முதலில் கண்டு எழுதியதால் வந்த பெயர் அது, ரத்த சம்பந்தம் என்று அர்த்தமில்லை என்றும் அடுத்த வரியிலேயே எழுதியிருந்தேன்.

பதிப்பாசிரியர் படித்தார். எழுந்து நின்றுவிட்டார்.

“அம்மா! என்ன பொக்கிஷத்த கையில வச்சுக்கிட்டு இப்புடி மூலையில போட்டுருக்கீங்க! அமேசான்ல திராவிடன்!”

“வகைக்கு வச்ச பேருதாங்க ஐயா. அவங்க நம்மவங்கன்னு இல்ல.”

“வெள்ளக்காரனே திராவிடன்னு எழுதிட்டான். நீங்க இல்லங்குறீங்க.”

அடுத்த வரியை அடித்தார். இறந்தவர் பெயரைச் சொல்லாத பகுதிக்கு வந்தார். அதன் மேலும் பேனா ஓடியது. “நம்மாளுங்கன்னு மேல சொல்லிட்டு, கீழ செத்தவன் பேரச் சொல்ல பயப்படுறாங்கன்னு போட்டா நல்லாவா இருக்கு? பகுத்தறிவுக்கு ஒவ்வாதும்மா. எடுத்துருவோம்.” பயம் இல்லை ஐயா, மரியாதை என்றேன். அவர் காதில் விழவில்லை. எனக்குக் குரல் எழும்பவில்லை என்பதும் உண்மை. மாதச் சம்பளம் வாங்குகிறவள் எவ்வளவு குரல் எழுப்ப முடியுமோ அவ்வளவுதான் எழுப்பினேன். கட்டுரை அப்படியே அச்சுக்குப் போனது. அந்த ஜனங்கள் எதற்காக என் மனதில் தங்கினார்களோ அந்தப் பகுதி தமிழில் இல்லாமலே போயிற்று.

இது நடந்துகொண்டிருந்த அதே மாதங்களில் ஊரில் வேறொன்று கிளம்பியது. எங்கள் ஊருக்குப் பஸ் நிற்கிற இடத்துக்கு வாய்க்கால் பாலம் என்று பெயர். அதற்கு அடுத்த நிறுத்தம் ரைஸ்மில். வாய்க்கால் பாலத்தில் சிமெண்டில் ஒரு நிழற்குடை கட்டி, அந்த நிறுத்தத்துக்கே அண்ணன் பெயரை வைப்பதாக ஒன்றியத்தில் முடிவாயிற்று. அப்போது எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். மாவட்டத்துக்குப் பெயர், பஸ் கம்பெனிக்குப் பெயர், பாலத்துக்குப் பெயர். எங்கள் வீட்டுக்கு வந்தது இது.

அந்தச் சனிக்கிழமை அண்ணி காட்டு சனங்களை விசாரிக்கவில்லை. சோற்றை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“பாப்பா, நான் தெனம் பஸ்ல போறவ.”

குத்தாலத்தில் ஒரு நர்சரி பள்ளியில் ஆயா வேலை பார்த்துக்கொண்டிருந்தார் அவர். காலையில் போகிற பஸ்ஸில் குத்தாலம் என்றால் போதும். சாயங்காலம் திரும்பும்போது இறங்குகிற இடத்தைச் சொல்லித்தான் டிக்கெட் வாங்கவேண்டும். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அண்ணி தன் வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும் என்றால், தினமும், பஸ் நிறைய ஜனங்களுக்கு நடுவில், தன் புருஷன் பெயரைச் சொல்லிக் காசு நீட்டவேண்டும். கண்டக்டர் தினமும் அந்தப் பெயரைக் கத்தி, எறங்கு எறங்கு என்பான். இதை யோசித்தவன் எவனும் அந்த ஒன்றியத்தில் இல்லை. கௌரவம் செய்கிறோம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை. யாராவது வேண்டுமென்றே செய்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

“நீ படிச்ச பொண்ணு. போயி சொல்லு. கூட்டத்துல கத்துறதோட போவட்டும். இது வேணாம்.” அண்ணி என்னிடம் எதையும் கேட்டதில்லை. கேட்டது இது ஒன்றுதான்.

மில்காரரைப் பார்க்கப் போனேன். அந்த மனிதர் எதிரே நிற்பதற்கு என் உடம்பு மறுத்தது, ஆனாலும் போனேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. ஆனால் அன்பாகப் பேசினார். அவர் அன்பாகப் பேசாத நாளே கிடையாது.

“சொல்லும்மா.”

விஷயத்தைச் சொன்னேன். அண்ணி எப்படி டிக்கெட் கேட்பார் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

“புருசன் பேரச் சொல்லக்கூடாதுங்குறதெல்லாம் மூடநம்பிக்க இல்லையாம்மா? இத ஒழிக்கத்தான நம்ம கட்சியே இருக்கு. ஒங்க அண்ணன் எத்தன கூட்டத்துல இதப் பேசிருக்காப்ல! நீயே இப்புடி வந்து நிக்கலாமா?”

அவர் சொன்னது சரி. வேறு எங்காவது, வேறு யாராவது கேட்டிருந்தால், நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பெண் தன் கணவன் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் வெட்டுப்பட்டவனின் பெண்டாட்டி எந்தப் பெயரை எங்கே சொல்லவேண்டும் என்று லாரி அனுப்பியவன் வீட்டு வாசலில் தீர்மானம் ஆவதற்கு எந்தப் பகுத்தறிவில் இடம் இருக்கிறது? அதை நான் அங்கே கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன்.

“பேரு நெலைக்கணும்மா. அதுக்குத்தான பண்றோம்” என்று சொல்லி அவர் உள்ளே போயிருந்தார்.

திறப்பு விழாவுக்குச் சிறப்புப் பேச்சாளராக யாரைப் பிடித்தார்கள் என்றால், எங்கள் பதிப்பாசிரியரைப் பிடித்தார்கள். அது தற்செயல் ஒன்றும் இல்லை. தியாகியின் தங்கை வேலை செய்கிற இடம் என்று விசாரித்து வந்திருந்தார்கள். அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். தோரணம், நாதஸ்வரம், பாலத்தின் மேல் பெஞ்சு போட்டு மேடை. வாய்க்காலில் அந்த வருடம் தண்ணீர் சரியாக வரவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் அந்தக் கவலையில்தான் வந்து நின்றார்கள். அவர் பேச ஆரம்பித்தார். கடல் கடந்து, மலை கடந்து, அமேசான் காட்டுக்கே போய்விட்டார்.

“அங்கே ஓர் இனம் வாழ்கிறது. மாமன் மகளை மணக்கிறது! அத்தை மகளை அணைக்கிறது! உலகத்து அறிஞரெல்லாம் அதை என்ன சொல்லி அழைக்கிறார்கள் தெரியுமா? திராவிடம்! அந்தக் காட்டுத் தமிழன் இங்கே இருந்திருந்தால், இன்றைக்கு இந்த மாவீரன் பெயரை நம்மோடு சேர்ந்து முழங்கியிருப்பான். எங்கே, முழங்குங்கள் பார்ப்போம்!”

முழங்கினார்கள். மூன்று முறை. நான் கூட்டத்தின் ஓரத்தில், அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செத்தவனின் பெயரைச் சொல்வதைவிடப் பெரிய கேவலம் ஒன்று இல்லை என்று வாழ்கிற ஜனங்களை, என் எழுத்தைக் கொண்டே இழுத்துவந்து, என் அண்ணன் பெயரைக் கத்த வைத்துவிட்டார்கள். அழ வரவில்லை. யாரையாவது கடித்துவிடலாம் போலிருந்தது.

அதோடு விடவில்லை. பலகையைத் திறக்க அண்ணியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் போய்க் கயிற்றை இழுத்தார். துணி விலகி, சிவப்பில் எழுதிய பெயர் தெரிந்தது. மைக்கை அவர் முகத்துக்கு நேரே கொண்டுபோய், “அம்மா, அண்ணன் பேரச் சொல்லி ஒரு வார்த்த வாழ்த்துங்க” என்றார் மில்காரர். அண்ணி மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மூச்சு ஒலிபெருக்கியில் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை. கூட்டம் அதை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டு கைதட்டியது.

மகள் வீட்டில் இருந்தவரை சமாளித்தார்கள். அவள் குத்தாலத்தில் பத்தாவது, பிறகு டைப்ரைட்டிங் என்று போய்க்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள், அவள் டிக்கெட் கேட்பாள். அவளை ஒரத்தநாட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்தபின் அண்ணி தனியானார். பழைய கண்டக்டர்கள் முகம் பார்த்து டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்கள். புதியவர்களிடம் அண்ணி, “ரைஸ்மில் ஒண்ணு” என்பார். தன் நிறுத்தம் தாண்டி அடுத்ததில் இறங்கி, வாய்க்கால் கரையோடு திரும்பி நடந்து வருவார். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்பதற்காக, அவரைக் கொன்ற மில்லின் பெயரைச் சொல்லி வீடு வந்து சேர்ந்தார். எனக்குத் தெரிந்து வருஷக்கணக்கில் அப்படித்தான். நிறுத்தத்துக்குப் பழைய பெயரையே சொல்லலாமே அண்ணி, வாய்க்கால் பாலம்னு கேளுங்க என்றேன். “கேட்டேன் பாப்பா. அப்புடி ஒரு ஸ்டாப்பிங்கே கெடையாதுங்குறான் சின்னப் பையன்” என்றார்.

களஞ்சியம் நின்றபின் நான் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போய்விட்டேன். யானோமாமியைப் பற்றி எழுத எனக்கு இனி எந்தக் காரணமும் இல்லை. ஆனாலும் கண்ணில் பட்டால் படிப்பேன். தங்கம் தோண்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் அந்தக் காட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள் என்று ஒரு நாள் செய்தி வந்தது. ஆற்றில் பாதரசம், ஊரில் மலேரியா, துப்பாக்கி. பல குடியிருப்புகளில் இறந்தவர்களுக்குச் சடங்கு செய்யக்கூட ஆட்கள் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அண்ணியிடம் மறைத்திருக்கலாம். அவர் கேட்டார், சொல்லிவிட்டேன்.

“அங்கயும் நெலந்தானா?” என்றார்.

“நெலந்தான் அண்ணி. அடியில தங்கம் இருக்காம்.”

பிறகு, “எல்லாரும் போயிட்டா, அப்பறம் யாரு, யாரோட பேரச் சொல்லாம இருப்பா?” என்றார். மூன்று புத்தகம் படித்திருந்தேன், ஒரு கட்டுரை எழுதியிருந்தேன், அவர் கேட்ட அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. அதற்குப் பிறகு அவர் அவர்களைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

போன கார்த்திகையில், பள்ளிக்கு லீவு விட்டிருந்தார்கள் என்று, சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குக் கிளம்பினேன். குத்தாலத்தில் பஸ் ஏறினபோது நல்ல கூட்டம். பின்படியில் ஏறிப் பின்னாலேயே நின்றேன். இரண்டு சீட்டு தள்ளி முன்னால் அண்ணியின் கொண்டை தெரிந்தது. கூப்பிடலாம் என்று நினைப்பதற்குள் கண்டக்டர் அவரிடம் போய்விட்டான். மீசைகூடச் சரியாக முளைக்காத புது ஆள்.

“எங்கம்மா?”

அண்ணி காசை நீட்டினார். அண்ணன் பெயரைச் சொன்னார். “ஒண்ணு” என்றார்.

கத்திச் சொல்லவில்லை, முணுமுணுக்கவும் இல்லை. உப்பு ஒரு கிலோ என்பதுபோலச் சொன்னார். பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்க அதில் ஒன்றுமில்லை. நான் மட்டும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அண்ணன் செத்த அன்றுகூட எனக்கு இப்படி இருந்ததில்லை. அன்று கோபம் இருந்தது, பிடித்துக்கொள்ள. இப்போது பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை.

நிழற்குடையில் இறங்கிய பிறகுதான் என்னைப் பார்த்தார். “அட, பாப்பா! நீயும் இந்த பஸ்லதான் வந்தியா?” என்றவர், என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். இருவரும் வீட்டுப் பக்கம் நடந்தோம். அவர் ஒரு காலை இழுத்து இழுத்து வைத்தார்.

“எப்பலேருந்து அண்ணி?”

“ஐப்பசி மழையில கரையெல்லாம் ஒரே சேறு. ரெண்டு தடவ விழுந்துட்டேன். முட்டி வேற வீங்கிப்போச்சு. இனிமே நடக்க முடியாது பாப்பா.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீ என்ன பண்ணுவ?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் ஒன்றும் செய்திருக்கமாட்டேன்.

“மொத நாளு சொன்னப்ப என்னமோ ஆயிரும்னு நெனச்சேன். கண்ண மூடிக்கிட்டுச் சொன்னேன். ஒண்ணும் ஆவல. டிக்கெட்ட கிழிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டான்.” முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வியர்வைதான், அழுகை இல்லை. “முன்னல்லாம் அந்தப் பேரு காதுல விழுந்தா அவரு மொகம் வரும். அதுக்குத்தான் பொறுக்காம ஓடி ஒளிஞ்சேன். இப்ப நானே வாயத் தொறந்து சொன்னாலும் வரல பாப்பா. அந்த சிமெண்டு கொடதான் வருது.”

நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் நின்றுவிட்டார்.

“கல்யாணமான புதுசுல ஒங்கண்ணன் எத்தன தடவ கெஞ்சுனாரு தெரியுமா? ஒரே ஒரு வாட்டி எம்பேரச் சொல்லு, நான் கேக்கணும்னு. கட்சிக்காரன் பொண்டாட்டி இப்புடி இருக்கலாமான்னு. சிரிச்சுக்கிட்டே உள்ள ஓடிருவேன். சொன்னதே இல்ல. அவருக்குச் சொல்லல பாப்பா. கண்டக்டருக்குச் சொல்லிட்டேன்.”